எட்டு மாதத் தூசி

பழனியாண்டியின் தலையிலும் முகத்திலுமாக ஒன்பது வெட்டுகள். கவ்வாத்துக் கத்தி என்பது முற்றிய தேயிலைக் கிளையை ஒரே வீச்சில் துண்டாக்குவதற்காகத் தீட்டப்படுவது. மனிதனுக்கு ஒன்பது வீச்சு தேவையில்லை. இரண்டாவதிலேயே உயிர் போயிருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த டொக்டர் சொல்லியிருந்தார். மீதி ஏழு வெட்டும் யாருடைய ஆத்திரம் என்று தெரிந்துகொள்ளத்தான் ஜெயந்தினி அந்த வியாழக்கிழமை காலை மஸ்கெலியாவுக்கு வந்திருந்தாள்.

நாற்பத்து மூன்று வயது. பதினாறு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் துருவித் துருவிப் பார்த்தவள். அந்த வேலையை விட்ட பின் ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில், தனியாக விசாரணை அலுவலகம் நடத்துகிறாள். அவளுக்கு ஓட்டோ ஓட்டுபவன், படம் எடுப்பவன், தேவைப்பட்டால் அடி வாங்குபவன் எல்லாமே றுமைஸ்தான். கட்டாரில் ஒன்பது வருடம் ஏசி திருத்திவிட்டு ஊர் திரும்பியவன். எந்த மெஷினையும் நிறுத்தத் தெரிந்த அவனுக்குத் தன் வாயை நிறுத்த மட்டும் தெரியாது.

பொலிஸைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. பழனியாண்டி ஆறு லொறிகளுக்குச் சொந்தக்காரர். தோட்டங்களிலிருந்து பச்சைக் கொழுந்து ஏற்றிப் போகும் லொறிகள். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு அவர் தன் படுக்கையறையில் பிணமாகக் கிடந்தார். அவருடைய டிரைவர் வினோஜன் சட்டை முழுக்க இரத்தத்தோடு அந்த அறையிலிருந்து ஓடி வந்தான். அவனைப் பிடித்தவன் பழனியாண்டியின் மச்சினன், மனைவியின் தம்பி கஜேந்திரன். பிடித்ததோடு விடவில்லை. கூடிய ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். இப்போது வினோஜன் பொலிஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். தாடை இரண்டு இடத்தில் உடைந்து கம்பி போட்டிருக்கிறது. வலது கை விரல்களைச் செங்கல்லால் நசுக்கியிருக்கிறார்கள். பேச வாயும் இல்லை, எழுதக் கையும் இல்லை.

அவனுக்காகப் பேச வந்தவள் அவன் மனைவி சர்மிளா. கைக்குழந்தையோடு பேக்கரி மாடிப்படி ஏறி வந்து அவள் சொன்ன கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் இறம்பொடை வளைவில் பழனியாண்டியின் லொறி ஒன்று கவிழ்ந்து, கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து வந்த நான்கு பெண்கள் நசுங்கிச் செத்தார்கள். லொறியை ஓட்டியதாக ஒப்புக்கொண்டு ஏழு வருடச் சிறைக்குப் போனவர் வினோஜனின் அண்ணன் இராமையா. தம்பிக்கு வேலையும் குடும்பத்துக்கு ஆதரவும் தருவதாக முதலாளி சொன்னதால்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று வினோஜனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. போன சனிக்கிழமை அவன் லொறி ஷெட்டில் முதலாளியின் சட்டையைப் பிடித்து, உண்மையில் ஓட்டியது யார் என்று கேட்டான். கத்தியது எல்லாருக்கும் கேட்டது. கடைசியில் முதலாளி தாழ்ந்த குரலில் சொன்னது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"திங்கக்கெழம லோயர்கிட்ட வாறேன், எல்லாத்தையும் சொல்லிர்றேன்னு சொன்னாராம் அக்கா," என்றாள் சர்மிளா. "திங்கக்கெழம வாயத் தெறக்கப் போற மனுசன ஞாயித்துக்கெழம எதுக்கு இவரு வெட்டணும்?"

மனைவி சொல்வதைப் பொலிஸ் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெயந்தினி எடுத்துக்கொண்டாள்.

கஜேந்திரனின் வாக்குமூலம் எளிமையானது. ஞாயிறு காலை அவன் ஹட்டனுக்கு, லொறி ஒன்றைத் திருத்த விட்டிருந்த கராஜுக்குப் போனான். மூன்று மணிக்கு மேல் திரும்பினான். மூன்றரைக்கு மச்சானின் கதவைத் தட்டினான். அப்புறம் வா என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கீழே ஷெட்டுக்குப் போய்விட்டான். நாலரைக்குச் சத்தம் கேட்டு மேலே வந்தபோது வினோஜன் இரத்தத்தோடு ஓடினான். பழனியாண்டியின் மனைவி நாகலெட்சுமி இரண்டு மணியிலிருந்தே கோயிலில் இருந்தாள். அவள் பூசைத் தட்டோடு உட்கார்ந்திருந்ததை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள்.

வீடு நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மேட்டில் இருந்தது. கஜேந்திரன் அவர்களை வாசலிலேயே மறித்தான். நாற்பது வயது, லொறி டயரைத் தனியாகக் கழற்றி மாட்டும் தோள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் ஓட்டோவோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிடுவதாகச் சொன்னான். ஓட்டோவுக்கு லீசிங் முடியவில்லை, தள்ளுவதானால் கம்பெனிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றான் றுமைஸ். கஜேந்திரன் அவன் கழுத்துப் பட்டியைப் பிடித்துத் தூக்கிய நேரத்தில் உள்ளேயிருந்து நாகலெட்சுமி வந்தாள். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த பெண். அழுது வீங்கிய முகம்.

"பாத்துட்டுப் போகட்டும் தம்பி," என்றாள். "அந்தப் புள்ள சர்மிளாவும் கைப்புள்ளயோடதான் அலையுது."

பதினைந்து நிமிடம் கிடைத்தது.

அறையில் இரத்த வாடை இன்னும் போகவில்லை. சுவர், கட்டில் விளிம்பு, அலமாரிக் கண்ணாடி எல்லாம் தெறித்துக் காய்ந்திருந்தது. தரையில் கட்டிலின் அந்தப் பக்கம் கறுத்த பெரிய படலம். ஜெயந்தினி குனிந்து பார்த்தாள். படலம் ஒரே மாதிரி இல்லை. ஓரம் தடித்து, கறுத்து, பிசின் போலக் காய்ந்திருந்தது. நடுப்பகுதி மட்டும் தேநீர் நிறத்தில் வெளிறி, அங்கிருந்து கதவுவரை ஒரு வாய்க்கால் ஓடியிருந்தது. பொலிஸார் ஞாயிறு மாலை எடுத்த படங்களின் பிரதி அவள் போனில் இருந்தது. அதிலும் அப்படியே, நடுவில் தண்ணீர் தேங்கி நின்றது.

தரையைக் கழுவ முயன்றிருக்கிறான் என்று பொலிஸ் எழுதியிருந்தது. கழுவுகிறவன் நடுவை மட்டும் ஏன் கழுவ வேண்டும்? அவள் தலையை நிமிர்த்தினாள். அந்த இடத்துக்கு நேர் மேலே ஏசி.

"மஸ்கெலியாவுல, அதுவும் மார்கழியில ஏசி," என்றான் றுமைஸ். "இந்தக் குளிருக்கு ஃபிரிட்ஜையே கம்பளி போட்டு மூடணும்."

பழனியாண்டிக்கு இளைப்பு. மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும் ஊர். அறையின் ஈரத்தை எடுத்துவிட்டால் மூச்சு லேசாகும் என்று டொக்டர் சொல்லி, ஒரு வருடத்துக்கு முன் பொருத்தியது. இரவும் பகலும் ஓடுமாம். ஏசியின் பக்கவாட்டில் சர்வீஸ் கார்ட் ஒன்று ஒட்டியிருந்தது. மாதம் தவறாமல் 'ஃபில்டர் கழுவியாயிற்று' என்று கிஷாந்த் என்ற மெக்கானிக்கின் கையெழுத்து. கடைசிக் கையெழுத்து கொலைக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை.

றுமைஸ் நாற்காலியில் ஏறி மூடியைத் திறந்து, உள்ளேயிருந்த இரண்டு வலைகளில் ஒன்றை மெதுவாக உருவினான். வலை தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளிதான் வந்தது.

"ஒன்னு இந்த கார்ட் பொய் சொல்லுது மேடம், இல்லாட்டித் தூசி பொய் சொல்லுது. தூசிக்கு எழுதத் தெரியாது." குரலைத் தாழ்த்தினான். "எட்டு மாசமாச்சும் கழுவல. இப்புடி அடைச்சா காத்து உள்ள போகாது. காத்து போகாட்டி உள்ள குளிராகுற கொயில் குழாயில ஐஸ் கட்டும். மெஷின் நின்ன ஒடனே அந்த ஐஸ் உருகி, கீழ மழையாட்டம் ஊத்தும். தரையக் கழுவுனது மனுசன் இல்ல, இதுதான்."

சொல்லி முடிக்கவும் தும்மினான். ஒன்றல்ல, ஏழு. கண்ணைத் தேய்த்தான். தேய்த்த கண் சிவந்து நீர் கொட்டியது. ஜெயந்தினி வலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் கம்பளியின் மேல்பரப்பில், தோசைக்கல்லில் தூவியதுபோல், செம்மையாக ஒரு பூச்சு. மூக்கருகே கொண்டுபோகத் தேவையிருக்கவில்லை.

மிளகாய்த்தூள்.

அவள் படம் எடுத்தாள். ஒரு வலையைப் பொலிஸுக்காக அப்படியே விட்டுவிட்டு, மற்றதைப் பொலித்தீன் பையில் போட்டாள். பழனியாண்டியின் முகம் முகமாகவே இல்லாததால் அவர் கண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரத்தத்தில் கலந்த சிவப்பைச் சிவப்பென்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அவரை வெட்டியவர் முதலில் அவரைக் குருடாக்கியிருக்கிறார்.

கிஷாந்தின் கடை ஹட்டனில், ரயில் நிலையத்துக்குப் போகும் இறக்கத்தில் இருந்தது. பாதி இழுத்துவிட்ட உருளைக் கதவுக்குக் கீழே குனிந்து றுமைஸ் உள்ளே நுழைந்து, பழனியாண்டி வீட்டு ஏசியைப் பற்றி என்று ஆரம்பித்ததுதான் தாமதம், குழாய்ச் சாவி ஒன்று அவன் காதை உரசிப் போய்ச் சுவரில் மோதியது. இரண்டாவது வீச்சு விலாவில் விழுந்தது. றுமைஸ் பழைய கொம்பிரசர்களின் மேல் மல்லாந்து விழுந்தான். கிஷாந்த் அவன் மேல் காலை வைத்து மூன்றாவது முறை ஓங்கினான். றுமைஸ் அந்தக் காலைப் பிடித்து முறுக்க, இருவரும் கேஸ் சிலிண்டர்களை உருட்டிக்கொண்டு புரண்டார்கள். உதடு கிழிந்தது யாருக்கென்று தெரியவில்லை. இரண்டு பேர் சட்டையிலும் இரத்தம். கிஷாந்த் உதறிக்கொண்டு எழுந்து வெளியே பாய்ந்தான். உடம்பு கதவுக்கு அப்பால் போய், கை மட்டும் நிலத்தில் ஊன்றியிருந்த அந்த நொடியில் ஜெயந்தினி உருளைக் கதவை முழு பலத்தோடு கீழே இழுத்தாள்.

எலும்பு முறிந்த சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் கதவைத் தூக்கி, கிஷாந்தை உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பொய்க் கையெழுத்து தெரிந்துபோய், வினோஜனுக்குச் செய்ததைத் தனக்கும் செய்யத்தான் கஜேந்திரன் ஆள் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தானாம். கையெழுத்து பொய் என்பதை மறுக்கவில்லை. எட்டு மாதமாக அவன் அந்த அறைக்குள் போகவேயில்லை.

"நான் மாசாமாசம் போனேங்க. ஐயா வீட்டுல வேணாம்னு சொன்னாங்க. தூங்குறாரு, எழுப்பாத, கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் போன்னு. தேத்தண்ணி குடுத்து அனுப்பிருவாங்க." முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அழுதான். "அந்த ஃபில்டர கழுவாட்டி இளைப்புக்காரருக்கு எவ்வளவு கூடாதுன்னு எனக்குத் தெரியும். பூஞ்சணம் எல்லாம் அதுக்குள்ளதான் வளரும். தெரிஞ்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டேன்."

அவனை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, இருவரும் எதிரேயிருந்த கடையில் பிளேன்டீயோடு உட்கார்ந்தார்கள். றுமைஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு, கட்டாரில் ஒன்பது வருடத்தில் ஒரு ஏசி கூடத் தன்னைத் திருப்பி அடித்ததில்லை என்று புலம்பினான். ஜெயந்தினிக்கு அது காதில் விழவில்லை. அவள் பையிலிருந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழனியாண்டியை யாரோ எட்டு மாதமாக அவர் மூச்சாலேயே மெதுவாகக் கொன்றுகொண்டிருந்திருக்கிறார்கள். பொறுமை போன நாளில் கத்தி.

"றுமைஸ், இந்தத் தூள் எப்படி வலையில வந்துச்சு?"

"வீசுனது காத்துல பறந்திருக்கும். ஏசி இழுத்திருக்கும். ஃபில்டர் சுத்தமா இருந்திருந்தா பாதித் தூள் உள்ள போயி, கொயில் தண்ணியில கழுவிக்கிட்டே போயிருக்கும் மேடம். தூசி கம்பளியாக் கெடந்ததாலதான் மேலயே ஒட்டிக்கிச்சு."

"ஏசி ஓடினாத்தானே இழுக்கும்?"

றுமைஸ் கோப்பையை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா முழுக்க லைன் வேலைக்காகக் கரண்ட் இருக்கவில்லை. பகல் பன்னிரண்டு நாற்பதுக்குப் போனது, ஐந்து மணிக்குப் பிறகுதான் வந்தது. அதுவும் அந்த ரக ஏசி கரண்ட் வந்தால் தானாக ஓடாது. ரிமோட்டை அழுத்த வேண்டும். பிணம் கிடக்கும் அறையில் யாரும் அழுத்தவில்லை. பதினொரு மணிக்குப் பழனியாண்டி வாசலில் நின்றதை ஷெட் ஆட்கள் பார்த்திருந்தார்கள். ஆகவே தூள் வீசப்பட்டது அதற்குப் பின், பன்னிரண்டு நாற்பதுக்கு முன். பிறகு கரண்ட் போய், ஐஸ் உருகி, இரத்தத்தின் மேல் ஊற்றியிருக்கிறது. ஓரம் காய்ந்தும் நடு வெளிறியும் இருந்தது அதனால்தான்.

வினோஜன் அந்த நேரம் எங்கே? ஜெயந்தினி ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தாள். சிவனொளிபாதமலை யாத்திரைக்காக நல்லதண்ணியில் கடை போட்டிருந்த ராசிக் நானாவின் சாமான்களைப் பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை இறக்கிக்கொண்டிருந்தான். பொலிஸுக்கு அது பயன்படவில்லை, காரணம் கொலை மூன்றரைக்குப் பின் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பவைத்தது ஒரே ஒருவனின் வாக்குமூலம். பன்னிரண்டு நாற்பதுக்கு முன் செத்தவர் மூன்றரைக்கு 'அப்புறம் வா' என்று சொல்லியிருக்கிறார்.

அவள் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வலையைப் பத்திரமாக வைக்கச் சொன்னார். நோர்வூட் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, வர ஒரு மணி நேரமாகும், அதுவரை அந்த வீட்டுப் பக்கம் போகவேண்டாம் என்றார். கஜேந்திரன் ஞாயிறன்று எத்தனை மணிக்குக் கிளம்பினான் என்று கமெராவைப் பார்த்துச் சொல்லும்படி கராஜ் முதலாளிக்கு றுமைஸ் குரல் செய்தி அனுப்பினான். பிறகு இருவரும், ஜீப் நுழையாத மண்சரிவின் ஓரமாக ஓட்டோவை நுழைத்து, நேராக அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். கஜேந்திரன் மற்ற வலையைக் கழுவிவிட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் ஜெயந்தினிக்கு.

கஜேந்திரன் முன் அறையில் தனியாக இருந்தான். நாகலெட்சுமி உள்ளே குசினியில் அம்மியோ உரலோ உருட்டும் சத்தம் கேட்டது. ஜெயந்தினி உட்காரவில்லை. பையை மேசைமேல் வைத்து, தூசியையும் தூளையும் கரண்ட் போன நேரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். மூன்றரைக்குப் பேசியது யார் என்று கேட்டாள். இறம்பொடையில் லொறி ஓட்டியது யார் என்றும் கேட்டாள்.

அவன் முகம் அசையவில்லை. கை மட்டும் நாற்காலிக்குப் பின்னாலிருந்த டயர் லீவரை, டயர் நெம்பும் அந்த இரும்புக் கம்பியை, எடுத்தது.

முதல் அடி மேசையை இரண்டாக்கியது. இரண்டாவது, ஜெயந்தினியைத் தள்ளிவிட்டுக் குறுக்கே வந்த றுமைஸின் இடது முழங்கையில் இறங்கியது. அவன் கத்தக்கூட இல்லை; மூச்சுதான் வெளியே வந்தது. ஜெயந்தினி உடைந்த மேசைக்காலை எடுத்துக் கஜேந்திரனின் முழங்காலில் அடித்தாள். அவன் மடங்கவில்லை. அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவளுக்குக் கண்முன் வெள்ளையாக ஏதோ வெடித்தது. மறுபடி மோதுவதற்குள் றுமைஸ் ஒற்றைக் கையால் பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து, தன் முழு எடையையும் தொங்கவிட்டான். மூவரும் விழுந்தார்கள். ஜெயந்தினி லீவரைப் பிடுங்கி அவன் மணிக்கட்டின்மேல் வைத்து, முழங்காலால் அழுத்தினாள். கஜேந்திரனின் வாயிலிருந்து இரத்தமும் எச்சிலும் வழிந்தது. றுமைஸின் பிடி இறுகிக்கொண்டே போனது.

அப்போதுதான் தரையில் கிடந்த றுமைஸின் போன் ஒளிர்ந்தது. ஜெயந்தினி விரலால் தொட்டாள். கராஜ் முதலாளியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தம்பி, கமெராவப் பாத்தேன். கஜேந்திரன் காலைல பத்து மணியிலேருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் இங்கதான் நின்டிருக்காரு. ஒரு நிமிசமும் வெளிய போகல."

ஜெயந்தினி அவன் மணிக்கட்டிலிருந்து முழங்காலை எடுத்தாள். அவளுடைய கணக்கில் ஒன்றும் பிழையில்லை, ஆள்தான் பிழை. பன்னிரண்டு நாற்பதுக்கு முன் வினோஜன் நல்லதண்ணியில். கஜேந்திரன் ஹட்டனில். மூன்றரைக் கதையை அவன் தனக்காகச் சொல்லவில்லை. இரண்டு மணியிலிருந்து கோயிலில் இருந்த ஒருவருக்காகச் சொல்லியிருக்கிறான். கிஷாந்த் அழுதுகொண்டே சொன்னது இப்போதுதான் சரியாகக் காதில் விழுந்தது. ஐயா வீட்டுல வேணாம்னு சொன்னாங்க. அவள் அதை வீட்டில் இருந்த யாரோ என்று எடுத்துக்கொண்டாள். ஊரில் எந்த ஆணும் தன் மனைவியை 'எங்க வீட்டுல' என்றுதானே சொல்வான்.

"றுமைஸ், விடு. இவன் இல்ல."

அவள் திரும்பியபோது குசினிக் கதவில் நாகலெட்சுமி நின்றாள். அவள் கை மேலெழுந்து வீசியது. ஜெயந்தினியின் முகத்தில் தீ விழுந்தது.

மிளகாய்த்தூள் கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலும் ஒரேயடியாக இறங்கியது. அவளால் கத்த முடியவில்லை. தவழ்ந்து சுவரைத் தேடினாள். றுமைஸ் எங்கோ இருமிக்கொண்டே, கத்தி, கத்தி என்று அலறுவது கேட்டது. காலடி நெருங்கியது. தலைக்கு மேலே கத்தி காற்றைக் கிழிக்கும் சத்தத்தை அவள் கேட்டாள். கையைத் தூக்கினாள். வெட்டு விழும் ஓசையும் கேட்டது, ஆனால் வலி வரவில்லை. ஏதோ கனமான உடம்பு அவள்மேல் சரிந்தது. சூடாக ஏதோ அவள் கழுத்தில் ஓடியது.

"போதும்க்கா," என்று காதருகே கஜேந்திரனின் குரல் கேட்டது.

கத்தி தரையில் விழுந்தது.

ஜெயந்தினிக்கு ஒரு கண் மங்கலாகத் திறந்தபோது இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரர்களும் அறையில் நின்றார்கள். றுமைஸ் தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் அவள் முகத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணும் தக்காளியாக இருந்தது. கஜேந்திரன் சுவரில் சாய்ந்து கிடந்தான். இடது தோள் கழுத்துவரை பிளந்திருந்தது. நாகலெட்சுமி தன் சேலை முந்தானையைச் சுருட்டி அந்தப் பிளவுக்குள் அமுக்கிக்கொண்டு, தம்பி, தம்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். விலங்கு மாட்ட வந்த பொலிஸ்காரரை இன்ஸ்பெக்டர் கைகாட்டி நிறுத்தினார். அவள் கையை எடுத்தால் அவன் செத்துவிடுவான் என்பது தெரிந்தது.

யாரும் கேட்காமலே அவள் பேசினாள். கொலை செய்ததை ஒப்புக்கொள்கிற குரலாக அது இல்லை. புருஷனைப் பற்றிக் குறை சொல்கிற குரல். எட்டு மாதத்துக்கு முன் அவருக்கு இளைப்பு கூடிய ஒரு நாளில் அவர் முதல்முதலாக இராமையாவைப் பற்றிப் பேசினாராம். ஜெயிலில் ஒருத்தன் தனக்காகக் கிடக்கிறான், சாவதற்குள் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றாராம். சொன்னால் தம்பி உள்ளே போவான். தாய் தகப்பன் இல்லாமல் அவள் கொழுந்து பறித்து வளர்த்த தம்பி. படுத்த படுக்கையாகக் கிடந்தால் எங்கே போய்ச் சொல்லப் போகிறார் என்று அன்றிலிருந்து அவள் மெக்கானிக்கை அறைக்குள் விடவில்லை.

"மூச்சு முட்டுனா அடங்கிக் கெடப்பாருன்னு நெனச்சேன்," என்றாள். "முட்ட முட்டத்தான் அந்த மனுசனுக்கு இராமையா ஞாபகம் கூடிக்கிட்டே போச்சு. ஞாயித்துக்கெழம பகல் எந்திரிச்சுச் சட்டையப் போட்டாரு. நாளைக்கு லோயர்கிட்டப் போக இப்பவே ஹட்டனுக்குப் போய்த் தங்குறேன்னாரு. கண்ணுல தூளப் போட்டேன். அப்பவும் இராமையா, இராமையான்னுதான் கத்துனாரு."

அந்தப் பெயர் நிற்கும்வரை வெட்டியிருக்கிறாள். பிறகு குளித்து, சேலை மாற்றி, பூசைத் தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள். மூன்று மணிக்கு மேல் வந்த தம்பி அறையைத் திறந்து பார்த்து, யார் செய்தது என்பதைக் குசினித் தொட்டியில் ஊறிய சேலையிலிருந்து புரிந்துகொண்டான். வினோஜனுக்குப் போன் செய்து, முதலாளி கூப்பிடுகிறார், அறைக்குப் போ என்று சொன்னவன் அவன்தான். ஐஸ் தண்ணீரில் கரைந்த இரத்தத்திலிருந்து வினோஜன் முதலாளியைத் தூக்கிப் பார்த்ததில்தான் சட்டை நனைந்தது. அவன் வாயையும் விரலையும் குறிபார்த்து அடித்ததும் அந்தப் போனைப் பற்றி அவன் சொல்லிவிடக் கூடாதென்றுதான்.

கேட்டுக்கொண்டிருந்த கஜேந்திரன் கண்ணைத் திறந்தான். இன்ஸ்பெக்டரைப் பார்த்தான்.

"ஐயா, எறம்பொடையில லொறிய ஓட்டுனது நான்."

நாகலெட்சுமி பதறி, ஒரு கையால் அவன் காயத்தை அமுக்கியபடியே மறுகையால் அவன் வாயைப் பொத்தினாள். அவள் விரல்களிலிருந்து அவன் இரத்தமே அவன் உதட்டில் வழிந்தது. பேசாத தம்பி, அக்கா எல்லாத்தையும் பாத்துக்கிறேன், நீ பேசாத என்று கெஞ்சினாள். வெளியே ஆம்புலன்ஸின் சத்தம் மேடேறி வந்துகொண்டிருந்தது. கஜேந்திரன் நல்ல கையைத் தூக்கி, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். முரட்டுத்தனமாக இல்லை. விரல் விரலாக எடுத்து, அந்தக் கையைத் தன் மார்பின்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டான்.

"குடிச்சிருந்தேன். இராமையா அண்ணன் பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்தாரு. ஓட்ட வேணாம்னு எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டுத்தான் தூங்குனாரு."

இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். கஜேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான், எழுதுகிறவருக்கு ஏற்றபடி மெதுவாக, அந்தச் சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்த நான்கு பெண்களின் பெயர்களோடு.